மூடுபனிக்கு ஒரு கேமரா

"சார், எத்தனை எக்ஸ் ஜூம் வாங்கலாம்?" முதல் கேமரா வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியோடுதான் வருகிறார்கள். கடைக்காரரும் அந்த எண்ணைச் சொல்லித்தான் விற்கிறார். வேடந்தாங்கல் போன்ற திறந்த ஏரிக்கரையில் அந்தக் கேள்விக்கு ஓரளவு பொருள் உண்டு. பழனி மலையில் படமெடுக்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது வேறு: நான் நிற்கப்போகும் இடத்தில் வெளிச்சம் எவ்வளவு இருக்கும்?

வட்டக்கானல் போகும் வழியில் பாம்பார் சோலைக்குள் காலை எட்டு மணிக்கு நின்று பாருங்கள். தலைக்கு மேல் மரங்கள் தோளோடு தோள் உரசி நிற்கும். கிளைகளில் பாசி தொங்கும். போதாததற்கு மஞ்சு வந்து மூடும். கண்ணுக்கு எல்லாம் நன்றாகத் தெரிவதுபோல் இருக்கும். கேமராவுக்கு அது அந்தி நேரம். எஃப் 6.3 துளையில், ஐஎஸ்ஓ 6400 வைத்தும் ஷட்டர் வேகம் நொடியில் 200-ல் ஒரு பங்குதான் கிடைக்கும். அங்கிருந்து வெளியே வந்து வெயில் படும் புல்வெளிச் சரிவில் நின்றால் ஐஎஸ்ஓ 400, எஃப் 8, நொடியில் 1600-ல் ஒரு பங்கு. இரண்டு இடங்களுக்கும் வெளிச்சத்தில் இருநூறு மடங்குக்கும் மேல் வித்தியாசம். நடந்துபோனால் சில நிமிட தூரம்.

சோலையும் புல்வெளியும் அடுத்தடுத்து இருப்பதுதான் இந்த மலையின் இயல்பு. இங்கே மட்டும் வாழும் உயிர்கள் பல அந்த இருட்டுப் பக்கத்தில் இருக்கின்றன. வெண்வயிற்றுச் சோலைக்கிளியை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரில் கிளி இருந்தாலும் இது கிளியில்லை. மலையாளத்தில் கிளி என்றால் சிறு பறவை. சோலைத் தரையோரம், புதருக்கடியில் தத்தித் தத்தி இரை தேடும் கருநீலக் குருவி. கறுப்பும் ஆரஞ்சுமான ஈப்பிடிப்பானும் தரையோரப் புதர்களை விட்டு அதிகம் மேலே வராது. இவற்றைப் படமெடுக்க வேண்டுமென்றால் அறுபது எக்ஸ் ஜூமைவிட மங்கல் வெளிச்சத்தைத் தாங்கும் கேமராதான் உதவும்.

ஒரு சின்னக் கணக்கு

லென்ஸ் வாங்குமுன் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பெருக்கலும் வகுத்தலும் போதும். லென்ஸின் குவியத் தூரத்தைப் பறவையின் நீளத்தால் பெருக்கி, நமக்கும் பறவைக்கும் உள்ள தூரத்தால் வகுத்தால், சென்சாரில் பறவை எத்தனை மில்லிமீட்டர் விழும் என்று கிடைக்கும்.

பழனிச் சிரிப்பான் ஒன்று எட்டு மீட்டர் தள்ளி அமர்ந்திருக்கிறது என்று வையுங்கள். இது பழனி மலையிலும் அதையொட்டிய ஆனைமலை, மூணாறு உயரங்களிலும் மட்டுமே வாழும் பறவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த மலைகளில் பறவைகளைச் சேகரித்த அமெரிக்க மிஷனரி சாமுவேல் ஃபேர்பேங்க்கின் பெயர் இதன் அறிவியல் பெயரில் இருக்கிறது. உடல் சுமார் 20 சென்டிமீட்டர், அதாவது 200 மி.மீ. 300 மி.மீ. லென்ஸ் என்றால் 300 பெருக்கல் 200 வகுத்தல் 8000: ஏழரை மில்லிமீட்டர். ஏபிஎஸ்-சி சென்சாரின் அகலம் சுமார் 23.5 மி.மீ. ஆக, படத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பறவை நிறைக்கும். அதுவே நல்ல படம். சுற்றியுள்ள பழக்கொத்தும் பாசியும் சேர்ந்தால் இன்னும் நல்ல படம். 250 மி.மீ. லென்ஸில் ஆறே கால் மில்லிமீட்டர். நாலில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகம். கேமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸில் ஒன்றரை மில்லிமீட்டர்கூட வராது. போனின் முதன்மை லென்ஸுக்கு உண்மையான குவியத் தூரம் ஆறு மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். அதில் பறவை ஒரு புள்ளி.

இதே கணக்கைக் காட்டுமாட்டுக்குப் போடுங்கள். ஆறடி உயரமுள்ள ஆண் காட்டுமாடு முப்பது மீட்டர் தள்ளி நின்றால் 300 மி.மீ. லென்ஸில் 18 மி.மீ. விழும். சென்சாரின் உயரமோ 15.6. மாடு சட்டகத்துக்குள் அடங்காது. கொடைக்கானல் நகரத் தெருவிலேயே காட்டுமாடுகள் நடமாடும் ஊரில், 150 மி.மீ.யில் தொடங்கும் இரண்டு கிலோ ராட்சத லென்ஸ் முதல் லென்ஸாக இருக்கத் தேவையில்லை. ஐம்பத்தைந்திலோ எழுபதிலோ தொடங்கி 250 அல்லது 300 வரை போகும் ஒரு ஜூம் லென்ஸ், இந்த மலையில் ஒருவர் இரண்டு மூன்று வருடம் கற்றுக்கொள்வதற்கு வேண்டிய எல்லாவற்றையும் தரும். நூறு ரூபாய் இருந்தால் அதில் பாதியையாவது லென்ஸுக்கு ஒதுக்குங்கள் என்பது என் கணக்கு. பாடி நாலைந்து வருடத்தில் பழசாகும்; நல்ல லென்ஸ் அடுத்த பாடிக்கும் உழைக்கும்.

பிரிட்ஜ் கேமரா யாருக்கு?

நிக்கான் பி900, பி950, கேனான் எஸ்எக்ஸ்70 போன்றவற்றைப் பறவை பார்ப்பவர்கள் பலர் கழுத்தில் காண்கிறோம். லென்ஸ் மாற்ற முடியாது. ஆனால் பி950-இன் வீச்சு 83 எக்ஸ், அதாவது 2000 மி.மீ.க்குச் சமமான பார்வை. மேலே சொன்ன சிரிப்பான் அதில் சட்டகத்தைத் தாண்டி வழியும். எடை ஒரு கிலோ. இதே பார்வைக்கு டிஎஸ்எல்ஆரில் போவதென்றால் வீட்டை அடகு வைக்க வேண்டியிருக்கும்.

ஆனால் அதன் சென்சார் மிகச் சிறியது. ஏபிஎஸ்-சி சென்சாரின் பரப்பு சுமார் 366 சதுர மி.மீ. என்றால் இதன் பரப்பு 28. பதின்மூன்றில் ஒரு பங்கு. வெயிலில் குறையே தெரியாது. சோலைக்குள் நுழைந்ததும் ஐஎஸ்ஓ ஏறும், இறகின் நுண்ணிழைகள் கரைந்து வண்ணக் கூழாகும். கோக்கர்ஸ் வாக்கில் நின்று எதிர்மலை மரத்தை இழுத்துப் பார்ப்பவர்களும் ஏமாறுகிறார்கள். நடுவில் இருக்கும் காற்றும் புகைமூட்டமும் வெப்ப அலையும் சேர்ந்தே பெரிதாகும். அதை எந்த ஜூமும் துடைக்காது.

ஆகவே என் தீர்ப்பு இது. பறவையை அடையாளம் காண்பதும் பதிவு செய்வதும்தான் உங்கள் முதல் ஆசை என்றால், நடக்கும்போது தோள் வலிக்கக் கூடாது என்றால், பிரிட்ஜ் கேமரா மரியாதையான தேர்வு. நிக்கான் இரண்டில் பி900 வேண்டாம், பி950 பாருங்கள்: முந்தையதில் ரா கோப்பு எடுக்க முடியாது, பிந்தையதில் முடியும். மங்கலில் எடுத்த படத்தைக் கணினியில் மீட்க ரா கைகொடுக்கும். படம்தான் முதல் ஆசை என்றால் மேலே படியுங்கள்.

பழைய டிஎஸ்எல்ஆர்

முப்பதாயிரம் ரூபாயை ஒட்டிய பட்ஜெட்டில், பழனி மலைக்கு நான் முதலில் சொல்வது செகண்ட் ஹேண்ட் டிஎஸ்எல்ஆர் தான். உலகமே மிரர்லெஸ்ஸுக்கு மாறிக்கொண்டிருப்பதால் நல்ல டிஎஸ்எல்ஆர்கள் மலிந்து கிடக்கின்றன. கல்யாண போட்டோகிராபர்கள் மாற்றிக்கொண்டு விற்பவை ஊருக்கு ஊர் கிடைக்கும். அவர்களிடம் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: பாடி நன்றாக உழைத்திருக்கும், ஆனால் டெலி ஜூம் அதிகம் வெளியே வந்திருக்காது. லென்ஸை அவர்களிடமும், பாடியை வீட்டில் வைத்திருந்து விற்பவரிடமும் வாங்குவது நல்ல வழி.

இரண்டு ஜோடிகள். ஒன்று, கேனான் 700டி அல்லது 200டி பாடியோடு 55-250 லென்ஸ். பெயரின் கடைசியில் எஸ்டிஎம் என்று இருக்க வேண்டும். அதற்கு முந்தைய வடிவங்கள் மெதுவாகக் குவியும், சத்தமும் போடும். எஸ்டிஎம் வெறும் 375 கிராம், கடைசி முனையில் எஃப் 5.6. இரண்டாவது, நிக்கான் டி5300, டி5600, டி3500 இவற்றில் ஒன்றோடு ஏஎஃப்-பி 70-300 விஆர். 415 கிராம், முனையில் எஃப் 6.3, கூர்மை அபாரம். டி3500-இன் பேட்டரி ஒரு சார்ஜில் 1,550 படம் எடுக்கும் என்பது கம்பெனிக் கணக்கு. மின்சாரம் நின்றுபோகும் மலைக் கிராமத்தில் தங்குபவருக்கு இது சின்ன விஷயமில்லை.

நிக்கான் பக்கம் போகிறவர்களுக்கு இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன. இரண்டிலும் விழுந்தவன் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். ஏஎஃப்-பி லென்ஸ்கள் பழைய பாடிகளில் குவியவே குவியாது. டி3200, டி5100, டி7000, டி90 எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. டி3300, டி5300 என்றால் உள்ளிருக்கும் மென்பொருளைப் புதுப்பித்த பிறகே சரியாக வேலை செய்யும். நான் டி5100 வைத்திருந்த காலத்தில் ஒரு கடையில் இந்த லென்ஸை ஆசையாக வாங்கிவந்தேன். விற்றவர் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. அடுத்த நாள் காலை பூம்பாறையில் கருமந்திக் கூட்டம் ஒன்று மரத்துக்கு மரம் தாவுகிறது, கையில் குவிய மறுக்கும் லென்ஸ். இரண்டாவது பள்ளம், பழைய ஏஎஃப்-டி லென்ஸ்கள். மலிவாகக் கிடைக்கும். ஆனால் டி3000, டி5000 வரிசைப் பாடிகளில் குவியச் செய்யும் மோட்டார் கிடையாது, லென்ஸுக்குள்ளும் கிடையாது. கையால் திருப்பித்தான் குவிக்க வேண்டும், பறவை காத்திருக்காது.

லென்ஸ் பெயரில் விஆர், ஐஎஸ் அல்லது விசி என்ற எழுத்துகளில் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். கை நடுக்கத்தைத் தாங்கும் அமைப்பு அது. அது இல்லாத 70-300 லென்ஸ்கள் புதிதாகவே மலிவு விலையில் கிடைக்கும். இந்த மலையின் வெளிச்சத்தில் அவை தரும் பத்துப் படத்தில் எட்டு அசைந்திருக்கும். ஆனால் ஒன்று: அந்த அமைப்பு உங்கள் கையைத்தான் நிறுத்தும், தலையாட்டும் குருவியை நிறுத்தாது. குருவிக்கு ஷட்டர் வேகம்தான் மருந்து.

பணம் கொடுக்குமுன் கடையிலேயே பார்க்க வேண்டியவை. போன் டார்ச்சை லென்ஸின் பின்பக்கம் பிடித்து முன்பக்கமாக உள்ளே பாருங்கள். சிலந்தி வலை போன்ற நூல் தெரிந்தால் அது ஃபங்கஸ், விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். எஃப் 16-இல் வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கினால் சென்சார் அழுக்கு புள்ளி புள்ளியாகத் தெரியும். அதைச் சுத்தம் செய்யலாம், பயப்பட வேண்டாம். ஷட்டர் எண்ணிக்கையைக் கேளுங்கள். நிக்கான் அதைப் படத்தின் கோப்பிலேயே எழுதிவைக்கும், கேனான் எழுதாது. ஆகவே கேனான் வாங்கும்போது விற்பவரின் பேச்சைவிடப் பாடியின் ரப்பர், பட்டன் தேய்மானத்தை நம்புங்கள். சொந்த மெமரி கார்டு ஒன்றைக் கொண்டுபோய் எடுத்த படங்களை வீட்டில் பார்த்துவிட்டு மறுநாள் வாங்குவதே உத்தமம். அதற்கு ஒத்துக்கொள்ளாத ஆளிடம் வாங்க வேண்டாம்.

புதுசுதான் வேண்டும் என்றால்

பட்ஜெட் கொஞ்சம் நீளும், வாரண்டி வேண்டும் என்பவர்களுக்கு மிரர்லெஸ். கேனான் ஆர்50 பறவையின் தலையைத் தானே தேடிப் பிடிக்கும். தொடங்குபவருக்கு அது பெரிய துணை. அதைப் போலவே 2023-இல் வந்த ஆர்100 விலை குறைவு, ஆனால் அதில் விலங்குகளை அடையாளம் காணும் வசதி இல்லை, தொடுதிரையும் இல்லை. இயற்கைப் படங்களுக்கு அது வேண்டாம்.

இந்த கேமராக்களோடு வரும் 55-210 லென்ஸ் முனையில் எஃப் 7.1. பழைய 55-250 எஸ்டிஎம்மோடு ஒப்பிட்டால் உள்ளே வரும் வெளிச்சம் அதில் மூன்றில் இரண்டு பங்கைவிடக் குறைவு. ஆர்எஃப் 100-400 இலகுவான, அருமையான லென்ஸ், 635 கிராம்தான். மன்னவனூர் புல்வெளிக்கும் பேரிஜம் ஏரிக்கரைக்கும் அதைவிட நல்லது இந்த விலையில் இல்லை. 400 முனையில் அது எஃப் 8, அதாவது 5.6-இல் வருவதில் பாதி வெளிச்சம். சோலைக்குள் அது தவிக்கும். ஒரு நடுவழி உண்டு: ஆர்50 பாடியில் அடாப்டர் போட்டுப் பழைய 55-250 எஸ்டிஎம்மை மாட்டினால் தானியங்கிக் குவிப்பு குறையில்லாமல் வேலை செய்யும். புதிய கண், பழைய வாசல்.

இரண்டாவது லென்ஸ்

பலர் இரண்டாவதாக இன்னும் நீளமான லென்ஸைத் தேடுகிறார்கள். நான் எதிர்த்திசையில் போகச் சொல்வேன். 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ், கேனானில் எஸ்டிஎம், எல்லாக் கம்பெனியிலும் மிக மலிவான லென்ஸ்களில் ஒன்று. 5.6 லென்ஸைவிட ஏறத்தாழ பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். மழைவிட்ட மறுநாள் சோலைக்குள் காளான்கள், பெரணிகள், மரப்பட்டையில் ஒட்டிய ஆர்க்கிட், இலை மேல் விரல் நகமளவு தவளை: டெலி லென்ஸ் கைவிடும் இடத்தில் இது பேசும். இன்னும் நெருங்க வேண்டுமா? ரேனாக்ஸ் டிசிஆர்-250 என்று ஒரு சிறு கண்ணாடி இருக்கிறது. டெலி ஜூமின் முகப்பில் கிளிப் போலக் கவ்விக்கொள்ளும். எறும்பின் கண் தெரியும். மேக்ரோ லென்ஸ் விலையில் ஒரு சிறு பங்குதான்.

டிரைபாடுக்கு முதல் வருடம் செலவு செய்ய வேண்டாம். பழைய ஜீன்ஸ் காலை வெட்டி இரண்டு பக்கமும் தைத்து ஒரு கிலோ காய்ந்த பீன்ஸ் விதையோ மொச்சையோ போட்டால் போதும். கைப்பிடிச் சுவர், பாறை, ஜீப் சன்னல் எதன்மேலும் வைத்து லென்ஸைச் சாய்க்கலாம்.

மா. கிருஷ்ணனைப் பற்றி இங்கே சொல்லத் தோன்றுகிறது. 1912-இல் பிறந்து 1996-இல் மறைந்த தமிழர். இந்தியக் காடுகளின் யானைகளைக் கறுப்பு வெள்ளையில் அவர் எடுத்த படங்களை இன்றும் எடுத்துப் பார்க்கிறார்கள். 1970-இல் பத்மஸ்ரீ பெற்றவர். அவர் கையில் இருந்தது கடைசி மாடல் கேமரா அல்ல. பாடி ஒன்று, லென்ஸ் வேறொன்று என்று வெவ்வேறு உறுப்புகளைச் சேர்த்து அமைத்துக்கொண்ட கருவி. அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்திருந்தார். இந்தக் கருவியால் என்ன முடியும், என்ன முடியாது என்று அதன் எல்லையை விரல்நுனியில் அறிந்திருந்தார். வாங்கிய ஜோடியோடு ஒரு வருடமாவது வேறெதையும் பார்க்காமல் இருங்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

ஈரம்

மலையில் கேமராவைக் கொல்வது விழுந்து உடைவதைவிட ஈரம்தான். ஜூன் முதல் மழை, அக்டோபரில் மறுபடி வடகிழக்கு, நடுநடுவே சன்னல் வழியாக வீட்டுக்குள் நுழையும் மஞ்சு. ஒரு மழைக்காலம் பீரோவில் துணிகளுக்கு நடுவே வைத்த லென்ஸில் ஃபங்கஸ் வராவிட்டால் அதிசயம். தோல் உறை இன்னும் மோசம். ஈரத்தையும் பூஞ்சையையும் அதுவே வளர்க்கும்.

டிரை கேபினட் வாங்க முடியாதவர்கள் ரப்பர் விளிம்புள்ள காற்றுப்புகா பிளாஸ்டிக் டப்பா, அரைக் கிலோ ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல், ஒரு சிறிய ஈரப்பத மீட்டர் வாங்குங்கள். மீட்டர் 40-க்கும் 50-க்கும் இடையில் நிற்க வேண்டும். ஜெல் பச்சையானால் சமையலுக்கு எடுக்காத தனிச் சட்டியில் மெல்லிய தீயில் வறுத்தால் மீண்டும் ஆரஞ்சாகும். நீல நிற ஜெல் வேண்டாம். அதில் கோபால்ட் உப்பு உண்டு, உடம்புக்கு ஆகாது. டப்பாவில் அரிசி போடும் பழக்கமும் வேண்டாம், மாவுத்தூள் லென்ஸுக்குள் போகும். வாரம் ஒருமுறையாவது லென்ஸை வெளியே எடுத்து நல்ல வெளிச்சத்தில் படமெடுங்கள்.

மலையிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கும் நாளில் கவனம். குளிர்ந்த கேமராவைக் கீழே வெக்கையில் சட்டென்று வெளியே எடுத்தால் ஐஸ் தண்ணீர் டம்ளர்போல வேர்க்கும், உள்ளேயும். பையின் ஜிப்பை மூடியபடியே ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். டிசம்பர், ஜனவரி விடியலில் பேட்டரி சீக்கிரம் சோர்ந்துபோகும். உபரி பேட்டரியைச் சட்டையின் உள்பாக்கெட்டில் உடம்புச் சூட்டில் வையுங்கள்.

குறிஞ்சி 2006-இலும் 2018-இலும் பூத்தது. பன்னிரண்டு ஆண்டுக் கணக்கில் அடுத்தது 2030. இந்த டப்பா ஒழுங்காக இருந்தால் இன்று வாங்கும் லென்ஸே அதையும் எடுக்கும்.

முதல் மாதம்

பேரிஜத்தை முதல் வாரமே தேடிப் போக வேண்டாம். அங்கே போக வனத்துறை அனுமதி வாங்க வேண்டும், நேரமும் கட்டுப்பாடு. சுற்றியுள்ள காடுகளில் பெரும்பகுதி 2013 முதல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம். வெளியூர் வண்டியில் வருகிறவர்களுக்கு 2024 மே முதல் இ-பாஸும் வேண்டும். பழனிச் சிரிப்பானுக்கு இவை எதுவும் தேவையில்லை. பழப்புதர் உள்ள வீட்டுத் தோட்டங்களுக்கும் சாலையோர வேலிகளுக்கும் அதுவே கூட்டமாக, சளசளத்தபடி வரும். ஒரே புதரின் முன் தினம் காலை ஒரு மணி நேரம், பத்து நாள் உட்காருங்கள். மூன்றாம் நாள் அது எந்தக் கிளையில் முதலில் வந்து இறங்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்காதீர்கள். எல்லைக்குள் எதிரி வந்துவிட்டதென்று நம்பி அது இரையை விட்டுவிட்டு அலையும். கூட்டின் பக்கம் லென்ஸைத் திருப்ப வேண்டாம். நீங்கள் விலக்கிய இலை வழியாகத்தான் காக்கை உள்ளே பார்க்கும். காட்டுமாடு மேய்வதை நிறுத்தித் தலையை உயர்த்திப் பார்த்தால் அந்த இடத்திலேயே நில்லுங்கள். மூச்சைச் சீறினாலோ பக்கவாட்டில் திரும்பி உடம்பைக் காட்டினாலோ மெல்லப் பின்வாங்குங்கள். 300 மி.மீ. லென்ஸில் முப்பது மீட்டருக்கே சட்டகம் நிறைந்துவிடும் என்று முன்பே கணக்குப் போட்டோம். நாற்பது, ஐம்பது மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் மாடும் அடங்கும், அதன் பின்னால் பைன் மரங்களுக்குள் இறங்கும் மஞ்சும் படத்தில் வரும்.